விமான நிலைய மலிவு வாடகைக் கார்: தம்பி குடும்பத்துக்காக எடுக்கலாமா, வேண்டாமா?

தேரடிவாசி, திருவொற்றியூர்

வணக்கம். துபாயில் வேலை செய்யும் என் தம்பி, மனைவி பிள்ளைகளோடு கார்த்திகை மாதம் ஊருக்கு வருகிறான். அக்கா மகளுக்குக் காலடிப்பேட்டையில் கல்யாணம். அது முடிந்ததும் திருப்பதிக்கு ஒரு நாள், திருச்செந்தூருக்கு மூன்று நாள் என்று திட்டம் போட்டிருக்கிறான். மொத்தம் 12 நாள் விடுப்பு. விமானம் நள்ளிரவைத் தாண்டித்தான் இறங்குகிறது.

போன தடவை வந்தபோது கடைத்தெருவுக்குப் போவதற்குக்கூட ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் காத்திருந்து அலுத்துப்போனான். அதனால் இந்த முறை விமான நிலையத்திலேயே தானே ஓட்டும் செல்ஃப் டிரைவ் கார் எடுத்துக்கொண்டு, திரும்பும் அன்று அங்கேயே விட்டுவிடலாம் என்கிறான். பெயர் பெற்ற நிறுவனங்களில் நாளொன்றுக்கு 2,500 ரூபாய்க்குக் குறைவாக எதுவும் கிடைக்கவில்லை. ஒரு சிறிய நிறுவனம் மட்டும் 1,100 ரூபாய் என்கிறது. முன்பணம் 10,000 ரூபாய். வண்டியை ஒப்படைத்த பிறகு அதைத் திருப்பித் தருவார்களாம். விமான நிலையத்துக்குள் அவர்களுக்குக் கவுன்ட்டர் கிடையாது. பார்க்கிங்குக்கு ஆள் வந்து சாவியைக் கொடுப்பாராம். இணையத்தில் அவர்களைப் பற்றி எழுதியவர்களில் பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், மீதிப் பேர் கொதிக்கிறார்கள். நடுவில் யாருமே இல்லை என்பதுதான் என்னைக் குழப்புகிறது.

இரண்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 12 நாளைக்கு 16,800 ரூபாய். எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.


கல்மண்டபம், இராயபுரம்

எடுக்காதீர்கள். என் மாமன் மகன் போன ஆண்டு இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் எடுத்தான். வண்டியைக் கொடுக்கும்போது ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பையன் போனை நீட்டினான், இவன் விரலால் கையெழுத்துப் போட்டான், சாவி கைக்கு வந்தது. திருப்பிக் கொடுக்கும் அன்று நானும் கூடப் போயிருந்தேன். வந்த ஆள் கதவையோ போனட்டையோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகத் தரையில் ஒரு துணியை விரித்துப் படுத்து, போன் விளக்கை அடித்து, முன்பக்க பம்பரின் அடிவிளிம்பைப் படம் பிடித்தான். விரல் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. நம் ஊர் வேகத்தடைகளில் ஏறி இறங்கும் எந்தக் காரிலும் அந்த உரசல் இருக்கும். "பம்பரையே மாற்ற வேண்டும், 7,500 ரூபாய்" என்றான்.

எந்தப் பட்டறையில் மாற்றினீர்கள், பில்லைக் காட்டுங்கள் என்று கேட்டோம். பில் இன்றுவரை வரவில்லை. மாதக்கணக்கில் விரட்டிப் பாதிப் பணத்தை மீட்டோம். அந்தப் பம்பரின் அடியில்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? அந்த உரசலை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான். எத்தனை பேரிடம் அதைக் காட்டிப் பணம் பிடித்தார்களோ என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.


வியாசை மகள், வியாசர்பாடி

கல்மண்டபம் அண்ணா சொல்வது நடக்கிற கதைதான். ஆனாலும் சிறிய நிறுவனம் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. வேலை நிமித்தமாகக் கோயம்புத்தூர், மதுரை, கொச்சி விமான நிலையங்களில் அடிக்கடி வாடகைக் கார் எடுக்கிறேன், பெரும்பாலும் மலிவானதாகத்தான். முன்பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பிய சிறிய நிறுவனங்களும் உண்டு. பளபளப்பான கவுன்ட்டர் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இழுத்தடித்த பெரிய நிறுவனமும் உண்டு.

வண்டியை வாங்கும்போது அவசரப்படாமல் இருப்பதுதான் முக்கியம். கொண்டுவந்தவர் எவ்வளவு பறந்தாலும் நான் பொருட்படுத்துவதில்லை. வெளிச்சமான இடத்துக்கு வண்டியை நகர்த்தச் சொல்லி, ஒரே வீச்சில் வீடியோ எடுக்கிறேன். பேசிக்கொண்டே எடுக்க வேண்டும்: தேதி, நேரம், வண்டி எண். பிறகு நான்கு சக்கரங்களின் ரிம், டயரின் பக்கச் சுவர், கண்ணாடியில் கல்லடி, கதவு விளிம்புகள், பம்பரின் அடிப்பக்கம் முன்னும் பின்னும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியில் என்ஜினை ஓடவிட்டு, டாஷ்போர்டில் கிலோமீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் எரியும் எச்சரிக்கை விளக்குகளையும் பதிவு செய்ய வேண்டும். அந்த வீடியோவை அங்கேயே, அந்த ஆள் நிற்கும்போதே, நிறுவனத்தின் எண்ணுக்கு அனுப்பிவிடுவேன். அனுப்பிய நேரம் பதிவாகிவிடுகிறது அல்லவா, அதன்பிறகு பம்பருக்கு அடியில் படுப்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

தேரடி அண்ணா, வாடகையைச் சொன்னீர்கள், கிலோமீட்டர் வரம்பைச் சொல்லவில்லையே. மலிவின் சூட்சுமம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.


தேரடிவாசி, திருவொற்றியூர்

கேட்டுவிட்டேன் அம்மா. நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். வண்டி வீட்டில் நிற்கும் நாளின் மிச்சத்தை ஓடும் நாளில் சேர்த்துக்கொள்ள முடியாது, அன்றன்றைக்கு அன்றன்றைக் கணக்கு என்கிறார்கள்.


வியாசை மகள், வியாசர்பாடி

அப்படியானால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். திருச்செந்தூர் போய்வர 1,200 கிலோமீட்டருக்குக் குறையாது. மூன்று நாளுக்கு 360 போக, 840 கிலோமீட்டர் கூடுதல். அது 10,080 ரூபாய். திருப்பதிக்கு உங்கள் வீட்டிலிருந்து போய்வர 280 என்று வைத்தால் 160 கூடுதல், 1,920 ரூபாய். ஆக 12,000 ரூபாய். வாடகை 13,200 ரூபாயோடு சேர்த்தால் 25,200 ஆகிறது. ஃபாஸ்டேக்கில் பிடிக்கும் சுங்கம் தனி, பெட்ரோல் தனி. உள்ளூரில் சும்மா நிற்கும் நாள்களுக்கும் நாளுக்கு 1,100 போய்க்கொண்டே இருக்கும்.

வரம்பே இல்லாத திட்டமோ, மொத்த நாளுக்கும் சேர்த்துக் கணக்கிடும் திட்டமோ வேறு இடத்தில் கிடைத்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.


சர்வே குறிப்பேடு, பெரம்பூர்

அடிபட்ட வண்டிகளின் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு வாடகை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. நம்பர் பிளேட் என்ன நிறம் என்பதுதான் முதல் கேள்வி. இதுவரை யாரும் அதைக் கேட்காதது கவலையாக இருக்கிறது.

வெள்ளையில் கறுப்பு எழுத்து, சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. மஞ்சளில் கறுப்பு எழுத்து, ஓட்டுநரோடு வரும் டாக்சி. கறுப்பில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான், வாடகைக்கு எடுப்பவரே ஓட்டுவதற்கென்று பதிவான வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி 1989இல் வந்த ரென்ட்-எ-கேப் திட்டம் இதற்கான விதிகளைச் சொல்கிறது. அந்த உரிமம் பெற ஒரு நிறுவனத்திடம் குறைந்தது 50 வண்டிகள் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. வரி, பெர்மிட், தகுதிச் சான்று, வணிக வண்டிக்கான இன்சூரன்ஸ் என்று அவர்களுக்குச் செலவு நிறைய. இதையெல்லாம் கட்டாமல் வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு விடுபவரால் பாதி விலைக்குக் கொடுக்க முடியும். எல்லா மலிவுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை; ஆனால் விலை பாதியாக இருக்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

சொந்த உபயோக வண்டியின் பாலிசியில், வாடகைக்கு விட்டால் செல்லாது என்று எழுதியே இருக்கும். உங்கள் தம்பி ஓட்டும்போது ஒன்று நடந்து, வண்டி வாடகைக்கு எடுத்தது என்று தெரிந்துவிட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அது ஒன்றே போதும். பிறகு செலவு ஓட்டியவர் தலையிலும் உரிமையாளர் தலையிலும் விழும். விடுப்பு முடிந்து துபாய் திரும்ப வேண்டிய மனிதர் நீதிமன்ற வாய்தாவுக்கு அலைய நேரும்.

கறுப்பு பிளேட்டாக இருந்தாலும் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுபவருக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் என்ன காப்பு இருக்கிறது? மூன்றாம் நபர் காப்பு வெளியாளுக்கு. கட்டாய 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு வண்டியின் உரிமையாளருக்கு. வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் இவர்களில் யாரும் இல்லை. இரவல் வண்டி ஓட்டி இறந்த ஒருவரின் குடும்பம் தொடர்ந்த வழக்கில், ஓட்டியவரை உரிமையாளரின் இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், மூன்றாம் நபராகக் கருத முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே ஓட்டுபவருக்கென்று தனியாகக் காப்பு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சேதம் ஏற்பட்டால் வாடிக்கையாளரின் பொறுப்பு அதிகபட்சம் எத்தனை ரூபாய் என்ற ஒரே ஒரு எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த எண்ணைச் சொல்லாமல் "எல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்பவரிடம் வண்டி எடுக்கவே கூடாது.

கார்த்திகை என்றீர்கள். மழைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு நான் பார்த்த வண்டிகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. வெளியே ஒரு கீறல் இருக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் காகிதம் ஊறித் தொளதொளவென்று இருக்கும், அடியில் சேற்று மணல் படிந்திருக்கும். தண்ணீரில் நின்ற வண்டியை யாரோ மறுபடி ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் என்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் காசு கட்டிச் சேர்த்திருந்தால் ஒழிய, சாதாரண பாலிசி அதற்குப் பொதுவாகப் பணம் தராது. வாடகை நிறுவனம் அந்தச் செலவை எடுத்தவர் மேல்தான் போடும். மழை கொட்டினால் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமே போகாதீர்கள். வண்டி தண்ணீரில் நின்றுபோனால் சாவியைத் திருகவே கூடாது, தள்ளித்தான் கரையேற்ற வேண்டும். இதைத் தம்பியிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள்.


எண்ணூர் விரைவு, கத்திவாக்கம்

வீட்டுக்குப் போக மெட்ரோ இருக்கிறதே? விமான நிலையத்தில் ஏறினால் விம்கோ நகர் வரை ஒரே வண்டி, அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய்.


தேரடிவாசி, திருவொற்றியூர்

மெட்ரோ ஓடுவது இரவு 11 மணி வரைதான் நண்பரே. அவன் இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். கையில் நான்கு பெரிய பெட்டிகளும் தூங்கி வழியும் பிள்ளைகளும்.

சர்வேயர் ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்த கையோடு அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து வண்டி எண்ணைக் கேட்டேன். "அன்றைக்கு எது இருக்கிறதோ அதுதான் வரும் சார்" என்றார்கள். ஒரு மாதிரிக்காவது காட்டுங்கள் என்றதும் ஒரு படம் அனுப்பினார்கள். நம்பர் பிளேட் இருக்கும் இடத்துக்குச் சற்று மேலேயே படம் வெட்டப்பட்டிருந்தது. விடாமல் கேட்டு ஓர் எண்ணை வாங்கி, வண்டியின் பதிவு விவரங்களைக் காட்டும் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தேன். வண்டியின் வகை "மோட்டார் கார்" என்று இருந்தது. இதற்கு என்ன பொருள்?


சர்வே குறிப்பேடு, பெரம்பூர்

சொந்த உபயோக வண்டி என்று பொருள். வாடகைக்குப் பதிவான வண்டி என்றால் "மோட்டார் கேப்" என்று வந்திருக்கும். அதே பக்கத்தில் இன்சூரன்ஸ் எதுவரை, தகுதிச் சான்று எதுவரை என்பதும் இருக்கும். வணிக வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். சொந்த வண்டிக்கு அது தேவையில்லை என்பதால், அந்தத் தேதி பதிவு முடியும் தேதியோடு ஒன்றாக, பல ஆண்டு தள்ளி இருக்கும். அதையும் பாருங்கள்.


தேரடிவாசி, திருவொற்றியூர்

பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. அவர்களிடமே நேராகக் கேட்டும்விட்டேன். வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "எல்லோரும் இப்படித்தான் சார் ஓட்டுகிறார்கள். வழியில் போலீஸ் கேட்டால் நண்பரின் கார் என்று சொல்லச் சொல்லுங்கள்."

கல்யாணத்துக்கு வரும் என் தம்பி நடுரோட்டில் நின்று பொய் சொல்ல வேண்டுமாம். அந்த நிறுவனத்தைக் கைகழுவிவிட்டேன். இனி 2,500 ரூபாய் கொடுத்துப் பெரிய நிறுவனத்திலேயே எடுத்துவிடுவதா என்பதுதான் கேள்வி.


டிரெய்லர் மாமா, தண்டையார்பேட்டை

தம்பி, நான் பல வருடம் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவன், இப்போது சொந்தமாக டாக்சி வைத்திருக்கிறேன். எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓட்டப்போகிறவரைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேச வேண்டாமா?

துபாயில் இடப்பக்கம் உட்கார்ந்து, சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர் உங்கள் தம்பி. ஆட்டோமேட்டிக் வண்டி, அகலமான சாலை, கோடு போட்ட பாதை. அவரை நள்ளிரவில், தூக்கமில்லாமல், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, இதுவரை தொடாத ஒரு வண்டியில் மீனம்பாக்கத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஓட்டிவரச் சொல்கிறீர்கள். முப்பது கிலோமீட்டர் இருக்கும். வளைகுடாவிலிருந்து வருபவர்கள் வண்டி ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திரும்புவதற்குக் கை போடுவார்கள், வைப்பர் ஓடும். அதைத் திருத்தப் பார்க்கும் அந்த நொடியில் கண் சாலையை விட்டு அகன்றுவிடும். தன் இடப்பக்கம் எவ்வளவு வண்டி இருக்கிறது என்ற கணக்கு பிடிபடச் சில நாள் ஆகும். அதுவரை இடப்பக்கக் கண்ணாடியும் இடப்பக்கக் கதவும்தான் அடிபடும்.

இரவில் துறைமுகம் போகும் கன்டெய்னர் வண்டிகள்தான் இந்தப் பக்கத்துச் சாலையில் அதிகம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட் நோக்கி அவை வரிசை கட்டி நிற்கும். வரிசைக்கு நடுவில் இடைவெளி தெரிகிறதே என்று கார்க்காரர்கள் புகுந்துவிடுவார்கள். டிரெய்லர் ஓட்டுபவனுக்குத் தன் கேபினுக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் கார் கண்ணிலேயே படாது. அவன் வண்டியின் தலையை இடப்பக்கம் ஒடித்தால் பின்னால் வரும் நாற்பது அடி நீளம் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அந்த இருக்கையில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. பகலில் வந்து பழகிக்கொள்ளட்டும். முதல் இரவே வேண்டாம்.

தேரடியைச் சுற்றி எங்கே நிறுத்துவீர்கள்? சந்துக்குள் தண்ணீர் லாரி வந்தால் கண்ணாடியை மடக்கிவைத்தாலும் உரசும். வாடகைக் கார் வாசலில் நிற்கும் ஒவ்வொரு இரவும் உங்களுக்குத் தூக்கம் கெடும்.

கல்யாண நாள்களில் அவருக்குக் கார் தேவையே இல்லை. காலடிப்பேட்டை நடந்தே போகிற தூரம். கார் வேண்டியது ஊருக்கு வெளியே போகும் நாளைக்குத்தான். அந்த நாளைக்கு மட்டும் எடுங்கள்.


ஜெபல் அலி – மணலி

தேரடி அண்ணன் கவனத்துக்கு. நானும் துபாயில்தான் இருக்கிறேன். தம்பியின் இந்திய ஓட்டுநர் உரிமம் எந்தத் தேதி வரை செல்லும் என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு முன்பு எடுத்தவர்களுக்கு 20 ஆண்டு அல்லது 50 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. கல்லூரி முடித்ததும் எடுத்துப் பெட்டியில் போட்டுவைத்த பலருக்கு இப்போது அது முடிந்துகொண்டிருக்கிறது. முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டால் புதுப்பிக்க மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது வயது கடந்திருந்தால் படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் கேட்பார்கள். காலாவதியான உரிமத்தோடு ஓட்டி விபத்து நடந்தால், கறுப்பு பிளேட் வண்டியாக இருந்தும் பயன் இல்லை. அமீரக உரிமத்தை மட்டும் காட்டி இங்கே ஓட்டுவதும் சரியல்ல; சர்வதேச ஓட்டுநர் அனுமதி கூட வேண்டும்.

முன்பணத்தைப் பற்றி ஒன்று. துபாயிலும் வாடகை நிறுவனங்கள் முன்பணத்தைச் சில வாரம் பிடித்துவைப்பது உண்டு. சாலிக் சுங்கமும் போக்குவரத்து அபராதமும் தாமதமாக வந்து சேரும் என்று காரணம் சொல்வார்கள். அது நியாயம்தான், ஏனென்றால் எந்த வாசலில் எத்தனை மணிக்கு என்று பட்டியல் கொடுத்துத்தான் பிடிக்கிறார்கள். இங்கேயும் கேமரா பிடித்த அபராதச் சலான் பிறகுதான் வரும். பிடிக்கும் தொகை ஒவ்வொன்றுக்கும் சலான் எண்ணோ, ஃபாஸ்டேக் பதிவோ, பட்டறை பில்லோ தருவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆம் என்று எழுதித் தந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.


கொருக்குப்பேட்டை வக்கீல்

கல்மண்டபம் பாதிப் பணத்தோடு விட்டுவிட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விவகாரம் போன ஆண்டுதான் என்றால் இன்னும் வாய்ப்பு இருக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தையோ பிரச்சினை எழுந்த இடத்தையோ தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். நம் பகுதிக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன.

அளவுக்கு மீறிய முன்பணம் கேட்பதை நியாயமற்ற ஒப்பந்தத்துக்கு உதாரணமாக அந்தச் சட்டமே குறிப்பிடுகிறது. அந்த அடிப்படையில் வழக்குப் போட வேண்டுமென்றால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். பம்பர் உரசல் போன்ற விஷயத்துக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம்.

ஒரு வேண்டுகோள். முன்பணத்தை ரொக்கமாகவோ தனிநபரின் யூபிஐ எண்ணுக்கோ அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பெயரில், முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். தகராறு வந்தால் வங்கி வழியாக மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கும்.


கல்மண்டபம், இராயபுரம்

நன்றி வக்கீல் ஐயா. மாமன் மகனிடம் சொல்லிவிட்டேன். மின்னஞ்சல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, 1915இல் பதிவு செய்யப்போகிறான். வியாசை மகள் சொன்ன வீடியோவும் சரியான யோசனைதான், ஆனால் அதை எடுக்க விடாமல் அவசரப்படுத்துபவரிடம் வண்டியே வாங்க வேண்டாம் என்பேன்.


வியாசை மகள், வியாசர்பாடி

அதில் எனக்கும் மறுப்பே இல்லை அண்ணா. டிரெய்லர் மாமா சொன்னதுதான் எனக்குப் புதிது. கார் ஓட்டுவது என்றாலே விமான நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று ஏனோ எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். வாடகை நிறுவனங்கள் பலவற்றுக்கு ஊருக்குள்ளும் ஒப்படைக்கும் இடம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் வாங்கினால் வண்டியைச் சரிபார்ப்பதும் எளிது, விமான நிலைய பார்க்கிங் கட்டணத்தை நம் தலையில் கட்டுவதும் இருக்காது.


தேரடிவாசி, திருவொற்றியூர்

நேற்று இரவு தம்பியோடு நெடுநேரம் பேசினேன். முதலில் அவனுக்குக் கொஞ்சம் கோபம்தான், "நான் என்ன புது டிரைவரா?" என்று கேட்டான். நள்ளிரவில் எண்ணூர் சாலை எப்படி இருக்கும் என்று அவன் மனைவிதான் எடுத்துச் சொன்னாள். அவள் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள்.

இப்படி முடிவாகியிருக்கிறது. இறங்கும் இரவு டாக்சியில் வீட்டுக்கு வருகிறார்கள். கல்யாணம் முடியும் வரை கார் கிடையாது. பகலில் நகரத்துக்குள் போக மெட்ரோ போதும். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருக்கும்போது, என் நண்பரின் காரில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பழகிக்கொள்வான். திருச்செந்தூருக்கு மட்டும் மூன்று நாள் கறுப்பு பிளேட் வண்டி, ஊருக்குள் இருக்கும் அலுவலகத்தில் பகலில் வாங்குகிறோம். நாள் வாடகை 2,500. நாளுக்கு 300 கிலோமீட்டர் வீதம் மூன்று நாளுக்கும் சேர்த்து 900 என்று கணக்கிடுகிறார்கள். மிச்சம் 300 கிலோமீட்டருக்கு 12 ரூபாய் வீதம் போட்டால் மொத்தம் 11,100 ரூபாய். பன்னிரண்டு நாள் மலிவு வண்டிக்கு, திருப்பதியையும் சேர்த்து, வியாசை மகள் போட்ட 25,200 ரூபாயில் பாதிகூட இல்லை. சேதப் பொறுப்பின் உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டதும் உடனே மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஓட்டுபவருக்கான விபத்துக் காப்பு தனிக் கட்டணம் என்றார்கள், அதையும் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

உரிமம் அடுத்த மார்ச் வரை செல்லும். மணலி நண்பருக்கு நன்றி, யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டோம்.

டிரெய்லர் மாமா, திருப்பதிக்கு உங்கள் டாக்சி கிடைக்குமா? காலையில் போய் இரவு திரும்ப வேண்டும்.


டிரெய்லர் மாமா, தண்டையார்பேட்டை

கிடைக்கும் தம்பி. என் வண்டிக்கு அகில இந்திய டூரிஸ்ட் பெர்மிட் இருக்கிறது, ஆந்திர எல்லையில் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. வேறு யாருடைய வண்டியில் போனாலும் இதை முதலில் கேளுங்கள், பெர்மிட் இல்லாமல் ஆரம்பாக்கம் தாண்டினால் அபராதம் உங்கள் பயணத்தைக் கெடுத்துவிடும். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், குறைந்தது 250 கிலோமீட்டர், பேட்டா 400. சுங்கமும் மலைமேல் பார்க்கிங்கும் நீங்கள். தரிசன டிக்கெட் எத்தனை மணிக்கு என்று சொன்னால் புறப்படும் நேரத்தைச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி வழியில் காலை ஆறு மணிக்குப் பிறகு லாரி நெரிசல் அதிகமாகிவிடும்.


தேரடிவாசி, திருவொற்றியூர்

டிக்கெட் பகல் பன்னிரண்டு மணிக்கு மாமா. பிள்ளைகள் இருவர், பெரியவர்கள் நான்கு பேர். ஆறு பேருக்கும் இடம் இருக்குமா?


டிரெய்லர் மாமா, தண்டையார்பேட்டை

ஏழு பேர் உட்காரும் வண்டிதான். விடியற்காலை நாலரைக்குத் தேரடிக்கு வந்துவிடுகிறேன்.